சாவியைத் தொடாதீர்கள்!

போன வருஷம் ஆடி மாதத்தில் எங்கள் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது மாமியாரின் தையல் மெஷின் அகப்பட்டது. பழைய போர்வையைச் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, பத்திரமாக வைத்திருந்தார். பதினைந்து வருஷத்துத் தூக்கம். அதன் இரும்புக் கால் கூடத்தில் பூந்தொட்டி தாங்கும் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தது. பூந்தொட்டியை இறக்கினேன், மெஷினைப் பொருத்தினேன், தூசி துடைத்தேன், பெல்ட்டை மாட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆசையோடு ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். 'க்ரக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்!

பழுது பார்க்க வந்த பெரியவர் மெஷினைத் திறந்து பார்த்தார். பிறகு என்னையும் ஒரு பார்வை பார்த்தார். "ஏம்மா, இத்தனை வருஷம் தூங்கினதை இப்படியா உதைச்சு எழுப்பறது? எண்ணெயை விட்டு, ரெண்டு நாள் ஊற வச்சு, கையாலே சக்கரத்தை மெள்ளச் சுத்திப் பார்த்திருக்க வேணாமா?" என்றார். பழைய எண்ணெய் பிசினாக இறுகி உள்ளே எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்ததாம். நான் மிதித்த மிதியில் பிசின் விடவில்லை, இரும்புதான் விட்டது!

அந்தப் பெரியவர் சொன்ன புத்தி தையல் மெஷினுக்கு மட்டும் சொன்னதல்ல. இத்தாலி தேசத்தில் பிறந்த ஒரு சின்னஞ்சிறு பந்தயக் காருக்கும் அது அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது. இந்த வாரம் அந்தக் காரைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன். "காரைப் பற்றி எங்களுக்கு என்ன?" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். இதிலும் குடும்பம் உண்டு, ஆசை உண்டு, உயிருக்கே ஆபத்து வரும் கட்டமும் உண்டு.

நாம் பார்த்துப் பழகிய அம்பாசடர், பியட் போன்ற கார்களுக்கு என்ஜின் முன்னால் இருக்கும். வண்டுபோல முதுகு வளைந்த பழைய வோக்ஸ்வேகனுக்குப் பின்னால், டிக்கி இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். மூன்றாவதாக ஒரு ஜாதி உண்டு. அதில் உட்காருகிறவர்களின் முதுகுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்கு முன்னால், வண்டியின் நடு வயிற்றில் என்ஜின் இருக்கும். எதற்காக இப்படி என்கிறீர்களா? தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு நடந்தால் சட்டென்று எந்தப் பக்கமும் திரும்பலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள்; நீங்கள் குடத்தைத் திருப்ப மாட்டீர்கள், குடம் உங்களைத் திருப்பிவிடும்! கனமான சாமான் நடுவில் இருந்தால் கார் வளைவுகளில் மான்குட்டி மாதிரி திரும்பும்.

பந்தயக்காரர்கள் அனுபவித்து வந்த இந்தச் சுகத்தைப் பணக்காரர்களுக்குக் கொடுத்தது லம்போர்கினி கம்பெனியின் 'மியூரா'. 1966-ல் ஜெனீவா கண்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பெர்டோனே என்ற இத்தாலியப் பட்டறையில் அதற்கு உருவம் கொடுத்தவர் மார்செல்லோ கண்டீனி. அப்போது முப்பது வயதுகூட ஆகாத பிள்ளையாண்டான், 2024-ல்தான் காலமானார். அதே மனிதர் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளும் வாங்கக்கூடியதாக இன்னொரு காருக்கும் உருவம் கொடுத்தார். அதுதான் 1972-ல் வெளிவந்த பியட் 'எக்ஸ்-1/9'. கணக்கு நோட்டில் எழுதிவைத்த பின்னம் மாதிரி ஒரு பெயர்! கம்பெனிக்குள் வைத்துக்கொண்ட குறிப்புப் பெயர், அதுவே நிலைத்துவிட்டது.

பியட் என்றால் நமக்குப் புதிதல்ல. பம்பாயில் வெகு காலம் தயாரான பிரீமியர் பத்மினி அந்த வீட்டுப் பெண்தான். எக்ஸ்-1/9 அந்த வீட்டுச் செல்லப் பிள்ளை. பியட் 128 என்ற சாதுவான குடும்பக் காரின் என்ஜினையும் கியர்ப் பெட்டியையும் எடுத்து, ஆசனத்துக்குப் பின்னால் குறுக்காக வைத்துவிட்டார்கள். முதலில் 1290 சி.சி.; 1978 முதல் 1498 சி.சி. கூரையைக் கழற்றி முன்பக்கத்துப் பெட்டிக்குள் மடக்காமல் அப்படியே படுக்க வைக்கலாம். முகப்பு விளக்குகள் பகலில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும். இரவில் இமை திறந்து எழுந்து நிற்கும். 1989 வரை சுமார் 1,60,000 கார்கள் செய்தார்கள். ஏராளமானவை அமெரிக்காவுக்குப் போயின.

ஆனால் ஒன்று: இரண்டே இரண்டு ஆசனம்.

இந்தக் கார்களின் தலைவிதியை எழுதியது அந்த இரண்டு ஆசனம்தான். கலியாணத்துக்கு முன்னால் வாங்குகிறான். கலியாணமான புதிதில் கூரையைக் கழற்றி வைத்துவிட்டு இருவரும் கடற்கரைச் சாலையில் பறக்கிறார்கள். குழந்தை பிறக்கிறது. குழந்தையை எங்கே உட்கார வைப்பது? மடியிலா? நாலு கதவு வைத்த கார் ஒன்று வீட்டுக்கு வருகிறது. "இதை விற்க மனசு வரவில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிச் சின்னக் காரை ஷெட்டுக்குள் தள்ளித் துணியைப் போர்த்துகிறான். அடுத்த வருஷம் என்பது இருபது வருஷமாகிறது. துணியின் மேல் பழைய பத்திரிகைக் கட்டு, குழந்தையின் உடைந்த சைக்கிள், பெயிண்ட் டப்பா என்று ஒவ்வொன்றாக ஏறுகிறது.

ஷெட்டில் கிடப்பதாவது தேவலை. 1978 பிப்ரவரியில், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரத்தில், ஒரு வீட்டின் மண்ணைத் தோண்டியபோது முழுக் காரே அகப்பட்டது! பெராரி கம்பெனி செய்த 'டீனோ 246 ஜி.டி.எஸ்.' என்ற பச்சை நிறக் கார். அதற்கும் என்ஜின் நடு வயிற்றில்தான். 1974 டிசம்பரில் களவு போனதாகப் புகார் பதிவான வண்டி. மண்ணில் விளையாடிய குழந்தைகள் கண்டுபிடித்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. துப்புக் கொடுத்த ஆளைக் காப்பாற்றுவதற்காகக் கட்டிவிட்ட கதை அது என்று வெகு காலம் கழித்துத்தான் வெளியாயிற்று. புதைத்தவர்களுக்கும் அந்தக் காரிடம் ஏதோ கரிசனம் இருந்திருக்கிறது. துவாரங்களில் புழு பூச்சி நுழையாமல் துண்டுகளைத் திணித்து வைத்திருந்தார்கள்!

டீனோ என்பது பெராரி கம்பெனியை நிறுவிய என்ஸோ பெராரியின் மகன் பெயர். 1956-ல், இருபத்து நாலு வயதில், தசை நோயால் இறந்துபோன பிள்ளை. அவன் ஆசைப்பட்டு ஈடுபட்டிருந்த ஆறு சிலிண்டர் என்ஜின் வகைக்கும், பிறகு இந்தக் கார்களுக்கும் தகப்பனார் அவன் பெயரையே வைத்தார். அப்படிப்பட்ட பெயரைத் தாங்கிய வண்டி மூன்று வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்து, பிறகு பொறுமைசாலிகள் கையில் கிடைத்து, மறுபடி ஓட ஆரம்பித்தது. அதன் நம்பர் பலகையில் இப்போது எண் இல்லை; 'டக் அப்' என்று இருக்கிறது. 'தோண்டி எடுத்தது' என்று அர்த்தம்.

சரி, நம் ஷெட்டுக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திடீரென்று ஞானோதயம் ஏற்படுகிறது. வீட்டுக்காரரோ, தோளுக்கு மேல் வளர்ந்துவிட்ட பிள்ளையோ துணியை இழுத்துத் தள்ளுகிறார். புது பாட்டரியை மாட்டுகிறார். "ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்துவிடுகிறேன்" என்று சாவியைத் தேடுகிறார்.

அந்த வீட்டு அம்மாளாக நான் இருந்தால் அந்தச் சாவியை என் சாவிக்கொத்தில் கோத்து இடுப்பில் செருகிக்கொள்வேன். இருபது வருஷம் செய்யாத கெடுதலை அந்த ஒரு தடவை செய்துவிடும்.

என்ஜினுக்குள் நாலு குழல். ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போய் வரவேண்டும். நடுவே வழுக்குவதற்கு எண்ணெய்ப் பூச்சு. வருஷக்கணக்கில் நின்றால் அந்த எண்ணெய் மெதுவாக வடிந்து அடியில் போய்விடுகிறது. அந்த இடத்தில் ஈரம் உட்காருகிறது, துருப் பிடிக்கிறது. வளையங்கள் சுவரோடு ஒட்டிக்கொள்கின்றன. இந்த நிலையில் சாவியைத் திருப்புவதும், பரணிலிருந்து இறங்கிய மெஷினை நான் உதைத்ததும் ஒன்றுதான்.

ஸ்பார்க் பிளக்குகள் நாலையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று நாள் சும்மா விட்டுவிட வேண்டும். சும்மா விடுவது என்பதுதான் ஆண்பிள்ளைகளுக்குக் கஷ்டமான வேலை! பிறகு ஸ்பானரைப் போட்டு, கையாலேயே, மெள்ள மெள்ளச் சுற்றிப் பார்க்கவேண்டும். முழுச் சுற்று இரண்டு தடவை தடங்கல் இல்லாமல் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. முரண்டு பிடித்தால் முரண்டக் கூடாது. மறுபடி எண்ணெய், மறுபடி பொறுமை.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. எக்ஸ்-1/9 என்ஜினில் மேலே உள்ள வால்வுகளையும் கீழே உள்ள பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஆட்டி வைப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகிறது. பிரஷர் குக்கரின் கேஸ்கட்டைச் சில வருஷம் எடுத்து வைத்துப் பாருங்கள். பார்வைக்குப் புதிதாகவே இருக்கும், வளைத்தால் கீறல் விடும். அந்தப் பட்டை ஓட்டத்தில் அறுந்தால் தாளம் தவறுகிறது. சில என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதி இரண்டுமே நாசம். ஆகவே பட்டை நன்றாக இருக்கிறதா என்று ஆராய்ச்சி செய்யக்கூடாது, மாற்றிவிட வேண்டும். முன்னால் என்ஜின் இருந்தால் பானெட்டைத் திறந்து நின்றபடி செய்யலாம். நடு வயிற்றில் இருப்பதால் சக்கரத்தைக் கழற்றி, படுத்துக்கொண்டு, பக்கவாட்டில் கையை நுழைத்து, முட்டியெல்லாம் சிராய்த்துக்கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது. மானைப் போல் திரும்புவதற்குக் கொடுக்கும் விலை இது.

பெட்ரோலுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பழைய பெட்ரோலுக்குப் பெட்ரோல் வாசனையே இராது. வார்னிஷ் டப்பாவைத் திறந்தாற்போல் குப்பென்று அடிக்கும். அதன் லேசான சத்தெல்லாம் ஆவியாகிப் போய், மிச்சம் பிசுக்காகக் கார்புரேட்டரின் ஊசித் துவாரங்களை அடைத்துக்கொண்டிருக்கும். டாங்கிக்குள் துரு. டாங்கியைக் காலி செய்து கழுவி, கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும். பயப்பட வேண்டியது அதற்கில்லை. டாங்கியிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர்க் குழாய்களுக்குத்தான். இப்போது பல தேசங்களில் பெட்ரோலோடு எத்தனால் கலக்கிறார்கள். அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. புதுப் பெட்ரோல் பட்டதும் பழைய குழாய் கசிய ஆரம்பிக்கும்.

முன்னால் என்ஜின் உள்ள காரில் கசிந்தால் புகையாவது கண்ணுக்கு முன்னால் தெரியும். இந்தக் காரில் பெட்ரோல் டாங்கியே ஆசனத்தின் முதுகுப்புறத்தில் இருக்கிறது. அதற்கு அடுத்தாற்போல் கொதிக்கும் என்ஜின். ஓட்டுகிறவன் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்க, நெருப்பு முதுகுக்குப் பின்னால் பிடிக்கும். ஒரு முழம் குழாய்க்கு ஆகும் செலவை மிச்சம் பிடித்து, இருபது வருஷம் காப்பாற்றிய வண்டியைச் சாலையோரத்தில் நின்று எரியப் பார்க்க நேர்வது எவ்வளவு பெரிய கொடுமை! குழாய்கள் அத்தனையும் புதிதாக மாற்றி, தீயணைக்கும் சாதனத்தைக் கை எட்டும் தூரத்தில் வைத்த பிறகுதான் புதுப் பெட்ரோல் உள்ளே போகலாம்.

தண்ணீர் சங்கதியும் இந்த ஜாதிக்கே உரியது. என்ஜின் நடுவில், ரேடியேட்டரோ மூக்கில். இரண்டையும் சேர்க்கக் காரின் அடி வயிற்றில் நீளமாக இரண்டு குழாய்கள். அவ்வளவு நீளத்தில் எங்கேயாவது ஒரு காற்றுக் குமிழ் உட்கார்ந்துகொண்டால் தண்ணீர் ஓடாது. என்ஜின் கொதித்து அலுமினியத் தலை வளைந்துவிடும். ரேடியேட்டர் உச்சியில் காற்றை வெளியேற்ற ஒரு சின்னத் திருகு வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, நிதானமாக ஊற்றி, குமிழ் நின்று வெறும் தண்ணீர் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

எலிகளை மறந்துவிட்டேனே! காற்று வடிகட்டிப் பெட்டி அவற்றுக்குக் கட்டிக் கொடுத்த பிரசவ விடுதி. அங்கே கூடு கட்டி, மின்சாரக் கம்பிகளைக் கடித்துப் பசியாறியிருக்கும். பார்த்துத் துப்புரவு செய்யவேண்டும்.

இப்போது பிரேக். சிலர் என்ஜின் உறுமியதும் தெருவே கேட்கும்படி உறுமவிட்டு, அன்றைக்கே வெளியே கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு இவர்களிடம் மரியாதை கிடையாது. ஓடாத கார் யாரையும் கொன்றதில்லை. நிற்காத கார்தான் கொல்லும். பிரேக்கில் இருக்கும் திரவம் மழைக்காலத்து உப்பு மாதிரி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அந்த ஈரம் உள்ளே துருவாகிறது. துரு பிடித்த இடம் அசையாது. ரப்பர்க் குழாய்களோ உள்ளுக்குள் வீங்கிவிடுகின்றன. மிதித்தால் அழுத்தம் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. சக்கரம் பிடித்தபடியே நிற்கும். எக்ஸ்-1/9-க்கு நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். நாலையும் பிரித்து, திரவத்தை ஒட்ட வடித்துப் புதுசு ஊற்ற வேண்டும். கிளட்சும் திரவத்தால் வேலை செய்வதுதான். அதன் தட்டு ஒட்டிக்கொண்டிருப்பதும் சகஜம்.

டயரைப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். ஓடவே இல்லையே, கோடுகள் அப்படியே ஆழமாக இருக்கின்றனவே என்று தோன்றும். 2013 நவம்பர் 30-ந் தேதி கலிபோர்னியாவில் ஹாலிவுட் நடிகர் பால் வாக்கர் தம் சிநேகிதரின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காரில் போனார். 2005-ல் செய்த 'போர்ஷே கரேரா ஜி.டி.', அதுவும் நடு வயிற்று என்ஜின் கார். வண்டி கம்பத்திலும் மரத்திலும் மோதித் தீப்பிடித்து இருவரும் இறந்தார்கள். நாற்பது வயது அவருக்கு. மிதமிஞ்சிய வேகம்தான் காரணம் என்றார்கள் விசாரித்த அதிகாரிகள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: டயர்களுக்கு ஒன்பது வயது, அந்த மூப்பும் வண்டியின் பிடிமானத்தைக் கெடுத்திருக்கலாம்.

இதை உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரிலேயே பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். 3219 என்று இருந்தால், 2019-ம் வருஷம் 32-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். 2000-ம் வருஷம் முதல் இப்படிப் போடுகிறார்கள். இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

பார்த்தாயிற்றா? இத்தனையும் முடிந்த பிறகு வண்டியை ஷெட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு வரவேண்டும். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடக் கூடாது. அந்தப் புகையில் வாசனையே இல்லாத ஒரு விஷவாயு இருக்கிறது; தூக்கம் வருவதுபோல் வந்து ஆளை முடித்துவிடும். புது எண்ணெய் ஊற்றி, பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் எழுந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். முள் எழுந்தால் பிளக்கை மாட்டலாம்.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுக்கவேண்டிய நேரம் அப்போதுதான். முதலில் இருமும். குபுகுபுவென்று புகை வரும். நாம் விட்ட எண்ணெய்தான் எரிகிறது, பயப்பட வேண்டாம். சில நிமிஷத்தில் மூச்சு சீராகும். முதல் நாள் தெருக்கோடி வரை போய்த் திரும்பினால் போதும். எங்கே சொட்டுகிறது, எங்கே சூடாகிறது என்று தெரிந்துவிடும்.

விளக்கைப் போட்டுப் பார்க்கும்போது ஒரு வேடிக்கை நடக்கும். ஒரு கண் டக்கென்று திறந்து எழுந்து நிற்கும். மற்றது மூடியபடியே இருக்கும். இருபது வருஷம் தூங்கியவன் ஒற்றைக் கண்ணால் பார்ப்பது மாதிரி! அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். உள்ளே உள்ள சின்ன மோட்டாரின் தலையில் ஒரு குமிழ் இருக்கிறது. கையாலே, மெள்ளச் சுற்றினால் இமை திறந்துகொள்ளும்.